வயிறு ஆடிச்சா?

மீனம்பாக்கம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன், பரங்கிமலையில் திறப்பேன். நடுவில் இருப்பது ஒரே ஒரு ஸ்டேஷன், பழவந்தாங்கல். அதைப் பார்க்காமல் இருக்க ஒரு மனுஷனுக்கு உரிமை இல்லையா என்ன. ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் மகள் வீடு, சாப்பாடு, பேத்தியின் கூச்சல், மறுபடி எலெக்ட்ரிக் ட்ரெயின், சைதாப்பேட்டை. போகும்போது ஒரு தடவை மூடு, வரும்போது ஒரு தடவை மூடு. ஏகாம்பரம் செத்ததிலிருந்து இப்படித்தான் போகிறது. இன்றைக்கு ரசம் ஊற்றும்போது மகள் கேட்டாள். "ஏம்பா, ஏகாம்பரம் மாமா வீட்டுக்குப் போய்ட்டு வந்தியா இல்லியா?" "போவேன்." "எப்போ?" "போவேன்னா போவேன்." அவள் அப்பளத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் அம்மாவும் இப்படித்தான், பதில் வராது என்று தெரிந்தால் அப்பளத்தை வைத்துவிட்டுப் போய்விடுவாள். போகலாம். போய் என்ன சொல்வது. அவன் பெண்டாட்டி பூங்காவனம் கேட்பாள். ஏற்கெனவே போனில் கேட்டாள், காரியம் முடிந்த மறுநாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலாம். "அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு ஷூட்டிங்ல அவரு சிரிச்சாராண்ணே? எங்கிட்ட சிரிச்சேன் சிரிச்சேன்னுதான் சொன்னாரு. என் வாய அடைக்கச் சொன்னாரோ என்னவோ. உங்ககிட்ட நெசத்த சொல்லியிருப்பாரே." எனக்குத் தெரியாதும்மா என்றேன். இல்லண்ணே, ஏதாச்சும், என்று ஆரம்பித்தாள். தெரியாதும்மா என்று வைத்துவிட்டேன். புருஷனைத் தூக்கிக் கொடுத்தவள் கேட்ட ஒரே கேள்வி. வைத்துவிட்டேன்.

சானடோரியத்தில் இரண்டு பையன்கள் ஏறி எதிரே உட்கார்ந்தார்கள். ஒருத்தன் கண்ணாடி, ஒருத்தன் தாடி. தாடிக்காரன் காலை நீட்டியதில் என் செருப்பு இடிபட்டது. சாரி தாத்தா என்றான். தாத்தாவாம். பேச ஆரம்பித்துவிட்டார்கள், சினிமா. இந்த ஊரில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால் வேறு என்ன பேசுவார்கள். "செகண்ட் ஹாஃப் லேக் மச்சி." "லேக் இல்லடா நிதிஷ், உனக்குத் தூக்கம். நைட்டு முழுக்க போன நோண்டிட்டு வந்து தியேட்டர்ல கொறட்ட விடற, கேட்டா லேக்குன்ற." நாங்களும் இப்படித்தான். நான், ஏகாம்பரம், லாரன்ஸ். மூன்று பேரும் டெலிபோன் ஆபீஸில் ஒரே செக்‌ஷன், மூன்று பேருக்கும் ரிட்டையர்மென்ட். வெள்ளிக்கிழமை மேட்னி, முடிந்ததும் எதிர்க்கடையில் டீ. லாரன்ஸுக்குப் பாட்டு. எனக்கு இரண்டு சொல், ஓடும், ஓடாது. ஏகாம்பரத்துக்கு மட்டும் முழுக்கதையும் சொல்ல வேண்டும். இப்போதுதான் மூன்று பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறோம், இவன் முதல் ஸீனிலிருந்து ஆரம்பிப்பான். "அந்தப் பொண்ணு பஸ்ஸுல வருதா, வரும்போது சன்னல் ஓரமா..." நான் சொல்வேன், "சரி, மேல?" அவன் இரண்டு ஸீன் தாண்டுவான். மறுபடி நிற்பான், அந்தப் பொண்ணு கட்டியிருந்த புடவையில் நிற்பான். "ம், மேல?" லாரன்ஸ் சிரிப்பான். நான் எழுந்து சிகரெட் வாங்கப் போனால் ஏகாம்பரம் முதுகுக்குப் பின்னால் என்னைப் போலவே உதட்டைச் சுழித்து, புருவத்தை இறக்கி, "ம், மேல?" என்று செய்து காட்டுவான். டீ கிளாஸில் தெரியும் எனக்கு. தெரியாத மாதிரி இருப்பேன். நன்றாகத்தான் செய்வான். இப்போது அவனே மேலே போய்விட்டான், என்ன ஒரு வார்த்தை அது, அதையும்தான் வாய் நிறையச் சொல்லிக்கொண்டிருந்தேன் முப்பது வருஷமாக.

"லேக்னு சொல்ற பாரு, அந்தச் சாவு வீட்டு ஸீனு ஒரே ஷாட்டுடா. கேமரா வாசல்ல ஆரம்பிச்சு, பொணத்தச் சுத்தி, சமையக்கட்டுக்குப் போயி, அந்தக்கா அழறதக் காட்டி, திரும்பப் பொணத்துக்கே வருது. நடுவுல கட்டே இல்ல." "அங்கதானடா காமெடியே. பொணம் மூச்சு விடுதே, பாக்கல நீ? வயிறு ஏறி எறங்குது." கண்ணாடிக்காரன் தொடையைத் தட்டிச் சிரித்தான். குரோம்பேட்டை. ஒரு கூட்டம் இறங்கி ஒரு கூட்டம் ஏறியது, முறுக்குக் கூடையோடு ஒருத்தி, மின்விசிறி அவளுடைய எண்ணெய் வாசனையை என் மூக்கிலேயே கொண்டுவந்து கொட்டுகிறது. அந்தப் படம்தான். இத்தனை படம் வருகிறது, இந்த ரயிலில் இந்தப் பெட்டியில் என் எதிரே அந்தப் படம்தான் வரவேண்டும். எழுந்து அந்தப் பக்கம் போகலாம். எழவில்லை. பொணம் மூச்சு விடுது. நான் சொன்னதுதான். நான்தான் முதலில் சொன்னேன்.

முதலில் சொன்னது எப்போது. படம் வந்த பிறகு இல்லை, அதற்கு முன்னால், பழவந்தாங்கல் ஸ்டேஷனில், சிமென்ட் பெஞ்சில். ஏகாம்பரத்தின் பக்கத்து வீட்டுப் பையன் எவனோ உதவி இயக்குநர், ஐயா, உங்க முகம் சரியா இருக்கும், கொஞ்சம் படுத்து எழுந்தா போதும் என்று கேட்டிருக்கிறான். அறுபது வருஷம் படம் பார்த்தவனிடம் வந்து திரைக்குள்ளே வா என்றால்! வேஷம் பிணம் என்றதும் பூங்காவனம் வீட்டையே இரண்டாக்கிவிட்டாள். உயிரோட இருக்கறவரு மாலையப் போட்டுக்கிட்டுப் படுக்கறதா, எனக்குக் குங்குமம் வேணாமா என்று. இவன் அவளுக்கு ஒரு வழக்கம் சொல்லிச் சமாதானம் செய்தான். சினிமாக்காரர்கள் வழக்கம்தான். பிணமாகப் படுத்தவன் ஷாட் முடிந்ததும் கண்ணைத் திறந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதையும் எடுப்பார்கள், படத்தில் வராது, ஆனால் எடுப்பார்கள். சிரித்துவிட்டால் சாவு வேஷம் ஆளோடு ஒட்டாது. "கண்டிப்பா சிரிக்கணும், மறக்கக் கூடாது" என்று அவள் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விட்டாள். அவனுக்குச் சிரிப்பைப் பற்றிக் கவலை இல்லை, மூச்சைப் பற்றித்தான். என்னைக் கூட்டிப்போய் அந்த பெஞ்சில் படுத்துக்கொண்டான், நடைமேடையில், நாலு பேர் பார்க்க. "வேதாசலம், வயிறு ஆடுதான்னு பாத்துச் சொல்லுப்பா." ஆடுது என்றேன். மறுபடி. ஆடுது. தொப்பை, எப்படி ஆடாமல் இருக்கும். சட்டையைத் தளர்த்திக்கொண்டான், மூச்சை மேல்நெஞ்சிலேயே வைத்துப் பார்த்தான், முகம் சிவந்து ஒரு ரயில் வந்து போகும்வரை இழுத்துப் பிடித்தான். "இப்போ?" ஒரு பெண்பிள்ளை ஓடிவந்து, ஐயோ பெரியவருக்கு என்னாச்சு, தண்ணி தெளிங்க என்றாள். அவன் எழுந்து உட்கார்ந்து, நடிப்பும்மா என்றான். எனக்கு மானம் போயிற்று. "ஆடுதுய்யா, உனக்கு எதுக்கு இந்த வேலை, எழுந்து வா." நான் எழுந்து வந்துவிட்டேன். பின்னாலேயே வந்தான். இன்னும் ஒரே ஒரு தடவை பாருப்பா, என்று கேட்டுக்கொண்டே.

எப்போது மூச்சைப் பிடித்தேன் தெரியவில்லை. நானும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். குரோம்பேட்டை விட்டதிலிருந்து. பல்லாவரம் வரை பிடிக்கலாம் என்று. காது அடைக்கிறது, கழுத்தில் ஏதோ துடிக்கிறது, முறுக்குக்காரி என்னையே பார்க்கிறாள். விட்டேன். பாதி தூரம்கூட வரவில்லை. எனக்குத் தொப்பை கிடையாது, ஒட்டிய வயிறு, அதுவே எழும்பி எழும்பித் தணிகிறது, இத்தனை நாள் இது இப்படி ஆடுகிறது என்றே எனக்குத் தெரியாது. எதிரே தாடிக்காரன் சண்டை பிடிக்கிறான். "டேய், அது அந்தப் பெருசு தப்பில்லடா. கட் சொல்லாம இழுத்தா பொணம் என்னடா பண்ணும்? கேமரா சமையக்கட்டுக்குப் போயிட்டு வர்றவரைக்கும் மனுஷன் தம் கட்டணும். நீ கட்டுவியா? வழக்கமா பொணத்த ஒரு செகண்ட் காட்டி உடனே அழறவங்க மூஞ்சிக்குப் போயிடுவாங்க, அதான் டெக்னிக். இவரு ஒரே ஷாட்டுல எடுத்துக் கிழிக்கணும்னு ஆசப்பட்டாரு." "கிராபிக்ஸ்ல வயித்த நிறுத்தியிருக்கலாம்ல?" "காசு? அந்தப் படத்துக்கு பிரியாணியே கடன்லதான்டா வந்திருக்கும்." கேமரா சமையலறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது என்பதை நான் பார்க்கவே இல்லை. தியேட்டரில் உட்கார்ந்து நான் பார்த்தது வயிற்றை. ஆடும், இதோ ஆடும், ஆடட்டும் என்று. இதை நினைக்கக் கூடாது. ஆடட்டும் என்றா நினைத்தேன். சொன்னது பலிக்க வேண்டும் என்று ஒரு அரிப்பு இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. திரும்பி வந்த கேமராவுக்கு நேராக அந்த வயிறு மாலையைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை எழும்பியபோது முன்வரிசையில் எவனோ, பொணத்துக்கு உசுரு வந்துடுச்சு டோய் என்று கத்தினான். பக்கத்தில் ஏகாம்பரம். இருட்டில் அவன் கை என் கைமேல் பட்டு உடனே போய்விட்டது.

அன்றைக்கு அவன் புதுச்சட்டை போட்டிருந்தான். டிக்கெட் அவன் எடுத்திருந்தான். டீக்கடையில் அன்றைக்கு மட்டும் அவன் கதை சொல்லவில்லை. கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எப்படிப்பா?" என்றான். என்னைத்தான் கேட்டான், லாரன்ஸை இல்லை. பரவாயில்லை என்று ஒரு சொல். ஓடும் என்று ஒரு சொல். எது சொல்லியிருந்தாலும் போதும், எனக்கு என்ன குறைந்துபோயிருக்கும். "பொணமாக்கூட நடிக்கத் தெரியல உனக்கு" என்றேன். லாரன்ஸ் சிரித்துவிட்டான், டீ மாஸ்டர் சிரித்தான், ஏகாம்பரமும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக. அவன் கிளாஸில் டீ பாதி இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. வருவான் என்று இருந்தேன். எனக்குப் போன் போட்டுப் பேசிப் பழக்கமில்லை. டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்தவன் சொல்கிற பேச்சா இது! பல்லாவரம் போய்விட்டது, எப்போது போயிற்று, இது திரிசூலம். வலது பக்கம் மலையை வெட்டி வைத்திருக்கிறார்கள். விமானம் ஒன்று வயிற்றைக் காட்டிக்கொண்டு இறங்குகிறது. எல்லாம் வயிறுதான் இன்றைக்கு. ஷூட்டிங் முடிந்த மறுநாளே அவன் என் வீட்டுக்கு வந்தானே, அதை ஏன் நினைக்க மாட்டேன் என்கிறேன். காலையில் வந்தான், நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "வேதாசலம், நேத்து என்ன நடந்துச்சு தெரியுமா, என்னைப் படுக்க வெச்சாங்களா, மூக்குல பஞ்சு..." சரி, மேல? "ஷாட்டு முடிஞ்சதும் டைரக்டரு..." மேல மேல. "இல்லப்பா, இது முக்கியம், உன்னப் பத்தினது, அந்தச் சிரிக்கற விஷயம் இருக்கே..." படம் வரட்டும் ஏகாம்பரம், வந்தா பாத்துக்கறேன், கதை வேணாம். பேப்பரைத் திருப்பினேன். அவன் காப்பி வேணாம் என்று எழுந்து போய்விட்டான். உன்னைப் பற்றியது என்றான். சிரிக்கிற விஷயத்தில் நான் எங்கே வந்தேன். சிரித்தானா. சிரிக்க மறந்தானா. அந்த வாக்கியத்தை அவன் முடித்திருந்தால் பூங்காவனத்துக்குச் சொல்ல எனக்கு ஒரு பதில் இருந்திருக்கும். என் வாயால் வெட்டினேன், பதிலை.

லாரன்ஸ்தான் போன் செய்தான். தூக்கத்திலேயே போய்ட்டான்டா என்றான். போனேன். யாரும் நம்ப மாட்டார்கள், போனேன், தெருமுனை வரை. பந்தல் போட்டிருந்தது, மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள், வாசலில் கண்ணாடி மூடிய ஐஸ் பெட்டி, அதன்மேல் மாலைகள். இன்னும் பத்து வீடு நடக்க வேண்டும். நடந்தால் பார்க்க வேண்டும். முகத்தைப் பார்க்கலாம். ஆனால் எனக்குத் தெரியும், என் கண் முகத்துக்குப் போகாது, வயிற்றுக்குத்தான் போகும். ஆடுதா என்றுதான் பார்க்கும். ஆடாது. அப்போது அவன் சரியாகச் செய்துவிட்டான் என்றாகும். திரும்பி வந்துவிட்டேன். மேளச்சத்தம் ஸ்டேஷன்வரை துரத்தியது. லாரன்ஸ் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

"இரு இரு, அந்த ஸீன காட்றேன், நீயே பாரு." தாடிக்காரன் போனை எடுத்தான். அழுகைச் சத்தம், படத்து அழுகை, பெட்டி முழுக்கக் கேட்கிறது. முறுக்குக்காரி திரும்பினாள். "பாரு, இப்போ வரும்... வந்துச்சா? ஹஹ்ஹா, மாலையோட ஏறுதுடா!" கையை நீட்டினேன். நான் நீட்டவில்லை, கை நீண்டது. "காட்டு." பையன் என்னைப் பார்த்தான். "தாத்தா, இதுவா?" "ம். காட்டு." பக்கத்தில் வந்து உட்கார்ந்து பிடித்தான். சின்னத் திரை. அதற்குள் ஏகாம்பரம், மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு, தாடையைச் சுற்றிக் கட்டு. கேமரா அவனை விட்டுப் போகிறது, சமையல்கட்டு, எவளோ அழுகிறாள், அழுது முடிக்கிறாளா பாரு, முடிக்கிறாளா, முடிம்மா சீக்கிரம், மனுஷன் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கான் அங்கே, திரும்புகிறது, வருகிறது, வந்தது, எழும்பியது. சாமந்தி மாலை எழும்பித் தணிந்தது. மூச்சு விட்டான். நண்பன் மூச்சு விடுகிறான். இந்த உலகத்தில் வேறெங்கும் இனிமேல் விடமாட்டான், இதிலே விடுகிறான். "திரும்பப் போடு." போட்டான். எழும்பியது. "இன்னொரு தடவை." கண்ணாடிக்காரன், தாத்தாவுக்குப் புடிச்சுப்போச்சுடா என்று சிரித்தான். மீனம்பாக்கம், மீனம்பாக்கம் என்று எங்கோ ஒலிபெருக்கி சொல்கிறது. கண்ணை மூடவேண்டிய இடம். மூடவில்லை. பையன் விரல் தவறி வேறெங்கோ பட்டது, படம் மாறியது. ஐயோ, எங்கே போயிற்று, அதைப் போடு என்றேன். "இருங்க தாத்தா, இது மேக்கிங் வீடியோ, படம் எடுத்தப்போ எடுத்தது. அதே ஆளுதான், பாருங்க."

அதே ஆள்தான். அதே பஞ்சு, அதே மாலை. யாரோ கட் என்கிறார்கள். ஏகாம்பரம் படுத்தபடியே கண்ணைத் திறந்தான். திறந்ததும் முதலில் கேட்டது, அவனுடைய குரல், கட்டிய தாடைக்குள்ளிருந்து வருகிற குரல், "தம்பி, வயிறு ஆடிச்சா?" ஒரு குரல், "இல்லைங்கய்யா, சூப்பர், ஓகே." "நெஜமா? என் சிநேகிதன் ஒருத்தன் ஆடுதுன்னே சொல்றாம்ப்பா. அவன் சொன்னா சரியா இருக்கும்." "ஓகேய்யா, ஓகே. இப்போ கேமராவப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சிடுங்க, வழக்கம்." கேட்டிருக்கிறான். நான் சொன்னேன் என்று கேட்டிருக்கிறான். ஆடவில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், நம்பித்தான் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்தான். ஏகாம்பரம் கேமராவைப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை அவனுக்கு. உதட்டை இழுத்துப் பார்க்கிறான், வரவில்லை. பெண்டாட்டிக்குச் செய்த சத்தியம் முகத்தில் தெரிகிறது, எனக்குத் தெரிகிறது. "எதாச்சும் நெனச்சுக்கங்கய்யா" என்கிறார்கள். யோசித்தான். பிறகு மெதுவாக உதட்டைச் சுழித்தான். புருவத்தை இறக்கினான். பிண அலங்காரத்தோடு, நெற்றிக் காசோடு, "ம், மேல?" என்றான். சொன்னவன் தாங்காமல் வெடித்தான். பஞ்சு ஒன்று பறந்தது. காசு விழுந்து உருண்டது. தொப்பை குலுங்கக் குலுங்க, மாலை குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறான், பின்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். "என்னாடா சொல்றாரு பெருசு, மேலயா? மேல போறேன்றாரா? செம டைமிங் மச்சி," என்று கண்ணாடிக்காரன். தாடிக்காரன் சிரிக்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். "தாத்தா, இவரத் தெரியுமா உங்களுக்கு?" தெரியும் என்று சொல்லலாம். ஒரு சொல்தானே. திரையைத்தான் பார்த்தேன். இதைத்தான் அன்றைக்குச் சொல்ல வந்தான், காலையில், நான் பேப்பர் படித்தபோது.

ரயில் வேகம் குறைகிறது, பழவந்தாங்கல். என் போன் பட்டன் போன், இதெல்லாம் அதில் வராது. எழுந்தேன், கம்பியைப் பிடித்தேன். பையன் கையைப் பிடித்து இறக்கிவிட வந்தான், வேணாம் என்றேன், பிறகு ஏதோ தோன்றி, "படம் ஓடும்" என்றேன். எடுத்தே விட்டார்கள் தாத்தா தியேட்டரிலிருந்து என்று அவன் சொன்னது ரயிலோடு போய்விட்டது. பெஞ்சு அங்கேயே இருக்கிறது. யாரோ ஒருத்தி பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இங்கிருந்து அவன் வீட்டுக்கு மெதுவாக நடக்க வேண்டும், மூச்சு வாங்குகிறது. வாயால்தான் சொல்லியாக வேண்டும், வீடியோ இல்லை, முழுதாகச் சொல்ல வேண்டும், எனக்கு வராத வேலை. சிரிச்சான்மா என்று முடித்தால் போதாது. படுத்திருந்தான் என்று ஆரம்பிக்க வேண்டும். மூக்கில் பஞ்சு இருந்ததா, அதைச் சொல்ல வேண்டும். கேமரா சமையல்கட்டுக்குப் போனதைச் சொல்ல வேண்டும், யாரும் அவ்வளவு நேரம் மூச்சைப் பிடிக்க முடியாது, வயிறு ஆடினது அவன் தப்பில்லை, அதைச் சொல்ல வேண்டும். சொன்னால் யார் தப்பு என்றார்கள் என்று கேட்பாள். டீக்கடையையும் சொல்ல வேண்டும். வாயைத் திறந்துவிட்டால் நடுவில் நிறுத்தக்கூடாது. நிறுத்துவேன், எனக்குத் தெரியும், காசு உருண்ட இடத்தில் நிறுத்துவேன். பூங்காவனம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். பிறகு கேட்பாள், அவளுக்கு அந்தச் சொல்லின் கதை தெரியாது, சாதாரணமாகத்தான் கேட்பாள், மேல சொல்லுங்கண்ணே.